விழுந்ததைச் சொல்லுங்கள், தம்பிகளே

செலாயாங் பாரு, பத்துமலை, கெப்போங், ரவாங் என்று நாள் முழுக்க முதுகில் பெட்டியும் கைப்பிடியில் போனுமாக மோட்டார் ஓட்டும் தம்பிகளுக்கு, உங்களுக்கு முன்னால் இதே சாலைகளில் பதினாறு வருடம் கப்சாய் ஓட்டிய அண்ணன் எழுதும் மடல் இது.

போன வாரம் ஒரு மாலை, மழை விடட்டும் என்று ஜாலான் ஈப்போ ஓரத்தில் ஓர் ஒட்டுக்கடையில் ஒதுங்கினேன். உங்களில் ஒருவர் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். வலது மணிக்கட்டில் மருந்து ஊறிய துணி சுற்றியிருந்தது. தே கிளாஸை இடது கையால் எடுத்தார். சட்டைப் பையிலிருந்து காசையும் இடது கையாலேயே, உடம்பைத் திருப்பித் திருப்பி எடுத்தார். "கையில என்ன தம்பி?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லண்ணே. போன மாசம் மோட்டார்ல விழுந்துட்டேன். சுளுக்குதான். எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டாங்க, எலும்பு நல்லா இருக்காம்." அதற்குள் அவருடைய போன் கூவியது. மழை முழுதாக விடவில்லை, அவர் கிளம்பிவிட்டார். ஆக்சிலேட்டரை உள்ளங்கையால் பிடிக்காமல் நான்கு விரல் நுனியால் திருகிக்கொண்டு போனதைப் பார்த்தேன். நானும் இருபது மாதம் அப்படித்தான் திருகினேன். அவரைக் கூப்பிட்டு நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டியதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

2017 தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. காலை ஐந்து மணி. அப்போது பாசார் போரோங் மொத்தச் சந்தையிலிருந்து சாப்பாட்டுக் கடைகளுக்குக் காய்கறி எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். அந்த நேரத்துப் பாசார் போரோங் சாலையை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. முட்டைக்கோஸ் இலை, மீன் தண்ணீர், லாரி டயர் மிதித்துக் கூழான ஏதேதோ. முன்சக்கரம் வழுக்கியது. முப்பது கிலோமீட்டர் வேகம்கூட இல்லை. விழுகிறவன் எதைச் செய்வானோ அதையே நானும் செய்தேன். வலது கையை முன்னால் நீட்டி ஊன்றினேன். உள்ளங்கையில் சிராய்ப்பு, முட்டியில் ரத்தம். கூடை கவிழ்ந்து தக்காளி சாலையெல்லாம் உருண்டது. எழுந்ததும் முதல் வேலையாகத் தக்காளியைப் பொறுக்கினேன், அந்த வலது கையாலேயே பொறுக்கினேன். எலும்பு ஒடிந்திருக்கும் என்ற எண்ணம் வராமல் போனதற்கு அதுதான் காரணம். ஒடிந்த கை தொங்கிப்போகும், வீங்கிப் பானையாகும், அசைக்கவே முடியாது என்றுதானே நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

மத்தியானம் ஒரு கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எனக்கும் காட்டினார். முறிவு இல்லை, சுளுக்கு என்றார். வலி மாத்திரை, இறுக்கிக் கட்டும் பேண்டேஜ், இரண்டு நாள் எம்.சி. வலி தொடர்ந்தால் திரும்ப வரச் சொன்னாரா என்று எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. அந்த எம்.சி.யைக்கூட முதலாளியிடம் கொடுக்கவில்லை. தீபாவளி வாரம் அது. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போகும், இரண்டு நாள் நின்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

பிறகு ஊரில் என்னவெல்லாம் உண்டோ அதையெல்லாம் செய்தேன். சின்சேயிடம் போய் மூன்று முறை நீவிக்கொண்டேன். பச்சிலைக் கட்டு போட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் செலாயாங் சுடுநீர்க் குளத்துக்குப் போய்க் கையை முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் முழங்காலுக்காக வந்த சீனப் பாட்டிகள், இடுப்புக்காக வந்த மலாய்க்காரப் பெரியவர்கள். இதமாகத்தான் இருந்தது. ஆறேழு வாரத்தில் வலி பாதிக்கு மேல் குறைந்தும் விட்டது. இதைக் கவனமாகப் படியுங்கள். வலி குறைந்தது. எலும்பு இரண்டு துண்டாக இருந்தபடியே வலி குறைந்தது. அதனால் விழுந்த கதையை நானே மறந்துபோனேன்.

நான் மறந்தாலும் கை அவ்வப்போது நினைவூட்டியது. 2018 தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்தேன். 272 படி. எத்தனையோ வருடம் ஏறிய படிகள்தான். பாதிப் படியில் வலது கை குடத்தைப் பிடிக்க மறுத்தது. வலித்தது என்றுகூடச் சொல்ல மாட்டேன், சட்டென்று பலம் வற்றிவிட்டது. பின்னால் வந்த ஓர் அம்மா தன் தோளால் என் குடத்தைத் தாங்கிக்கொண்டார். அவர் யாரென்று தெரியாது. மேலே போய்ச் சேரும்வரை இடது கையால்தான் பிடித்திருந்தேன்.

அந்த வருட நடுவில் வேறொரு கிளினிக். அங்கேதான் என் கைவலிக்கு இரண்டாவது பெயர் கிடைத்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்றைய தவறில் என் பங்கும் இருக்கிறது.

நம் மொழியில் வலிக்கு எத்தனை சொற்கள். குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, உளைகிறது, சுரீரென்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, மரத்துப்போகிறது. தோட்டத்தில் பால்மரம் சீவிய என் அம்மா ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துச் சொல்வார். தோளில் கடுப்பு, முழங்காலில் குடைச்சல், கத்தி பிடிக்கும் கையில் உளைச்சல். ஒன்றை இன்னொன்று என்று சொன்னால் திருத்துவார். ஆனால் கிளினிக் கதவைத் திறந்து உள்ளே போனதும் அத்தனையும் 'சாக்கிட்' என்ற ஒரே மலாய்ச் சொல்லுக்குள் போய்விடுகிறது. அன்று மருத்துவர் 'கெபாஸ்?' என்று கேட்டார். மரத்துப்போகிறதா என்று பொருள். எனக்கு மரத்துப்போகவில்லை. பாரம் தூக்கினால் பிடி நழுவியது, ஊன்றினால் கட்டைவிரலடியில் சுரீரென்றது. அதை மலாயில் எப்படிச் சொல்வதென்று அந்த நிமிடம் வாய்க்கு வரவில்லை. வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள், மருத்துவர் பேனாவைத் திறந்துவிட்டார். 'கடாங்-கடாங்' என்றேன். சில சமயம். அவர் நரம்பு அழுத்தம் என்று எழுதினார். கார்பல் டனல்.

அந்த நோயை இப்போது எனக்குத் தெரியும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய பாதை இருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியாகப் போகின்றன. அங்கே இடநெருக்கடி வந்தால் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. நடுராத்திரியில் விழித்துக் கையை உதறுவார்கள். இதில் ஒன்றும் எனக்கு இல்லை. ஆனாலும் மூன்று மாதம் விட்டமின் பி மாத்திரை சாப்பிட்டேன், ராத்திரியில் கைக்குப் பட்டை கட்டிக்கொண்டு தூங்கினேன்.

2019 தொடக்கத்தில் மூன்றாவது பெயர். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மடக்கிச் சுண்டுவிரல் பக்கம் கையைச் சாய்க்கச் சொன்னார்கள். உயிர் போனது. டி குவெர்வேன் என்றார்கள். கட்டைவிரலைத் தூக்கும் இரண்டு தசைநாண்களின் உறை தடித்துப்போகும் நோய் அது. பிள்ளை தூக்கும் தாய்மார்களுக்கும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறவர்களுக்கும் வருவது. சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி குவெர்வேன் 1895இல் அதை விவரித்தார். உண்மையான நோய்தான், நிறையப் பேருக்கு இருப்பதும்தான். ஆனால் அந்த இடத்துக்கு அடியிலேயே ஓர் எலும்பு ஒடிந்திருந்தாலும் அந்தச் சோதனையில் வலிக்கும். ஊசி போட்டார்கள். மூன்று வாரம் சொர்க்கமாக இருந்தது. அந்த மூன்று வாரமும் மூட்டை மூட்டையாகத் தூக்கினேன். நான்காவது வாரம் முன்னைவிட மோசமானது.

இந்த மூன்று மருத்துவர்களில் யாரையும் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. முதல் மருத்துவர் பார்த்த படத்தில் முறிவு தெரியவில்லை என்பது உண்மை. பொய் சொல்லவில்லை அவர். இரண்டாமவரும் மூன்றாமவரும் நான் சொன்னதை வைத்துக்கொண்டு யோசித்தார்கள். நான் அவர்களிடம் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. விழுந்தேன் என்பதை.

அதைக் கேட்டவர் ஓர் இளம் மருத்துவர். 2019 ஜூன் மாதம், அரசாங்கக் கிளினிக். உண்மையில் நான் இருமலுக்குப் போயிருந்தேன். பதிவு அட்டையை நீட்டியபோது கையை நான் திருப்பிய விதத்தைப் பார்த்துவிட்டு, இருமலை விட்டுவிட்டுக் கையைக் கேட்டார். மூன்று பெயர்களையும் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "இதற்கெல்லாம் முன்னால் எப்போதாவது விழுந்தீர்களா?" என்றார். "விழுந்தேன், ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, அது அப்போதே சரியாகிவிட்டது" என்றேன். "கையை ஊன்றியா விழுந்தீர்கள்?" ஆமாம் என்றேன். நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கட்டைவிரலை மேலே தூக்கி விரிக்கச் சொன்னார். நீங்களும் இப்போது செய்து பாருங்கள். கட்டைவிரல் அடியில், மணிக்கட்டின் புறத்தில், இரண்டு நரம்புக் கயிறு போலத் தெரிகிறவற்றுக்கு நடுவில் ஒரு சின்னப் பள்ளம் விழும். அதை மூக்குப்பொடிக் குழி என்பார்கள். என் தாத்தா பொடி போடுகிறவர். சரியாக அந்தப் பள்ளத்தில்தான் ஒரு சிட்டிகை வைத்து மூக்கருகே கொண்டுபோவார். உலகம் முழுக்கப் பொடி போட்டவர்கள் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள், மருத்துவப் புத்தகத்திலும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. அந்தக் குழிக்குள் மருத்துவர் தன் ஒற்றை விரலை வைத்து மெல்ல அழுத்தினார். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். இடது கையில் அதே இடத்தை அழுத்தினார், ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கைப் பக்கம், கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே உள்ள ஒரு முண்டை அழுத்தினார். வலித்தது. கடைசியாகக் கட்டைவிரலை நுனியிலிருந்து மணிக்கட்டை நோக்கி நேராகத் தள்ளினார். வலித்தது. இருபது மாதத்தில் என் கையில் வலிக்கும் இடத்தை விரல் வைத்துத் தேடிய முதல் ஆள் அவர்.

மறுபடி எக்ஸ்ரே. இந்த முறை கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்து வைத்து, அந்த ஓர் எலும்புக்காகவே வேறு வேறு கோணங்களில் எடுத்தார்கள். அடுத்து மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன். எலும்பு நடுவில் இரண்டாகப் பிரிந்து, விளிம்புகள் மழுங்கிப்போய், ஒட்டாமலே நின்றிருந்தது.

அந்த எலும்புக்கு ஸ்கேஃபாய்டு என்று பெயர். படகு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, தமிழில் படகு எலும்பு என்கிறார்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கின்றன. இரண்டு வரிசைக்கும் குறுக்கே பாலம் போட்டாற்போலக் கிடப்பது இந்தப் படகு. நீட்டிய கையை ஊன்றி விழும்போது உடம்பின் எடை முழுதும் இந்தப் பாலத்தில் இறங்குகிறது. அந்த எட்டு எலும்புகளில் நேரும் முறிவுகளில் பாதிக்கு மேல் இதில்தான். அதிகம் பாதிக்கப்படுகிறவர்கள் இளம் ஆண்கள். மலேசியச் சாலைகளில் சாகிறவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்காரர்கள் என்பது உங்களுக்குத் தெரியும், அந்தக் கணக்கு செய்தியில் வரும். செத்துப்போகாமல், பாதி வேகத்தில் விழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு எழுந்து ஆர்டரைக் கொடுக்கப் போனவர்களின் மணிக்கட்டுகளை யாரும் எண்ணுவதில்லை.

இந்த எலும்புக்கு ஒரு பலவீனம் உண்டு. நம் ஃப்ளாட்டுகளில் தண்ணீர்த் தடை முடிந்து குழாய் திறக்கும்போது கடைசி மாடிக்குக் கடைசியாகத்தானே தண்ணீர் ஏறும்? நடுவில் ஒரு குழாய் உடைந்தால் கடைசி மாடிக்குச் சொட்டுக்கூட வராது. படகு எலும்புக்கு ரத்தம் அப்படித்தான் போகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு ரத்தம் விரல் பக்கத்து முனையிலிருந்து நுழைந்து, பின்னோக்கி முழங்கைப் பக்கம் போகிறது. நடுவில் முறிந்தால் பின்பக்கத் துண்டு பட்டினி கிடக்கும். அதனால்தான் மற்ற எலும்புகளைப்போல் இது தானாக ஒட்டிக்கொள்ளும் என்று விட முடியாது. விட்டால் அந்தத் துண்டு செத்தே போகலாம். சில வருடங்களில் மணிக்கட்டு முழுதும் தேய்ந்து, கிழவனின் மூட்டாகிவிடும். இந்த முறிவு உள்ள கையைச் சின்சே நீவினாலும், மலாய்க்கார மாமா உருட் செய்தாலும், நம் வீட்டுப் பாட்டியே நல்லெண்ணெய் போட்டு இழுத்துவிட்டாலும், ஒட்டப் பார்க்கிற விளிம்புகளை அவர்கள் பிரித்துக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் கையில் வைத்தியம் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. தசைப்பிடிப்புக்கு இன்றும் நான் போகிறேன். ஊன்றி விழுந்த கையை மட்டும் கொண்டுபோகாதீர்கள்.

சரி, எக்ஸ்ரே ஏன் காட்டவில்லை? 1895 டிசம்பர் 22 அன்று ஜெர்மனியில் ரோன்ட்ஜன் தான் கண்டுபிடித்த கதிரை வைத்துத் தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார். எலும்புகளும் விரலில் மோதிரமும் தெரியும் அந்தப் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். உலகம் எக்ஸ்ரேயை நம்ப ஆரம்பித்ததே ஒரு கையின் படத்தால்தான். அந்தப் படத்துக்குத் தெரியாத ஒன்றும் கையிலேயே இருக்கிறது. படகு எலும்பில் கீறல் மயிரிழையாக, துண்டுகள் விலகாமல் இருந்தால், விழுந்த அன்றைய படத்தில் பத்தில் ஒன்றோ இரண்டோ தெரியாமல் போகும். பத்துப் பதினான்கு நாள் ஆனால் கீறலின் ஓரம் கொஞ்சம் கரைந்து கோடு தெரிய ஆரம்பிக்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், குழியில் வலி இருந்தால் படம் சுத்தமாக இருந்தாலும் கையைக் கட்டி அனுப்பி, இரண்டு வாரத்துக்குள் திரும்ப வரச் சொல்லி மறுபடம் எடுக்கிறார்கள், அல்லது எம்.ஆர்.ஐ.க்கு அனுப்புகிறார்கள். முதல் படம் முடிவில்லை. இதை யாராவது 2017இல் எனக்குச் சொல்லியிருந்தால், அல்லது சொல்லியதை நான் காதில் வாங்கியிருந்தால், எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் மாவுக்கட்டோடு முடிந்திருக்கும். அறுவையே வேண்டியிருந்திருக்காது. விலகாத முறிவுக்கு மாவுக்கட்டே பெரும்பாலும் போதும் என்று இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2020இல் 'லான்செட்' இதழில் வந்திருக்கிறது.

எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. 2019 செப்டம்பரில் அறுவை. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து நடுவில் வைத்து, தலையில்லாத சின்னத் திருகாணி ஒன்றை முடுக்கினார்கள். ஆஸ்திரேலியாவின் டாக்டர் ஹெர்பர்ட் 1984இல் வெளியிட்ட திருகாணி வகை அது. இரண்டு முனையிலும் புரி இருக்கும், ஆனால் ஒரு முனையின் புரி அகலம், மறுமுனையின் புரி நெருக்கம். முடுக்க முடுக்க இரண்டு துண்டும் தாமாக நெருங்கி இறுகும். மோட்டார் பட்டறையில் போல்ட் முடுக்கிப் பழகிய எனக்கு மருத்துவர் அதை வரைந்து காட்டியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. என் கையைப் பற்றி ஒருவர் எனக்குப் புரியும் மொழியில் விளக்கினார் என்பதால் வந்தது.

அறுவைக்கு முன் அவர் போட்ட நிபந்தனை ஒன்று. சிகரெட் கூடாது. புகை ரத்தக் குழாயைச் சுருக்கும், ஏற்கெனவே பட்டினி கிடக்கும் எலும்பு ஒட்டாது. பதினெட்டு வயதில் பிடித்த பழக்கம், விட்டேன். உங்களில் பாதிப் பேர் ஆர்டருக்குக் காத்திருக்கும்போது புகைக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் செலாயாங் மருத்துவமனையை நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை கடந்து போகிறீர்கள்? 1999இல் திறந்தது. அடுத்த வருடமே, 2000 மே மாதம், அங்கே ஒரு காரியம் நடந்தது. ஒத்த உருவ இரட்டையராகப் பிறந்த பெண் குழந்தைகள் இருவர். ஒருத்திக்கு மூளை வளர்ச்சி இல்லாமல் உயிர் தங்கவில்லை. மற்றவளுக்கு ஒரு கை சரியாக இல்லை. இறந்த குழந்தையின் கையை எடுத்து, பிறந்து ஒரு மாதமே ஆன சகோதரிக்குப் பொருத்தினார்கள். நரம்பு, ரத்தக்குழாய், எலும்பு எல்லாவற்றையும் சேர்த்து. இரட்டையரிடையே நடந்த முதல் கை மாற்று அறுவை என்று உலகச் செய்திகளில் வந்தது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் வி. பத்மநாதன். நம் ஊர், நம் பெயர். ஒரு மாதக் குழந்தையின் நூலளவு ரத்தக்குழாயைத் தைத்த கட்டடத்தின் வாசல் வழியாக, ஒடிந்த எலும்போடு தினமும் விடியற்காலையில் தக்காளி ஏற்றிக்கொண்டு நான் போய்வந்திருக்கிறேன். இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. வைத்தியம் தூரத்தில் இருந்து கிடைக்காமல் போனால் மனம் ஆறும். எனக்கு அது ஐந்து நிமிட ஓட்டத்தில் இருந்தது.

ஏன் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா. போனால் அரை நாள் போகும். அரை நாள் போனால் அன்றைய எண்ணிக்கை எட்டாது. அதனால் வழியில் உள்ள கிளினிக், அங்கே கிடைக்கும் முதல் பெயர், அதோடு சரி. இரண்டாம் முறை போவதுதான் நமக்குக் கட்டுப்படியாகாதது. இந்த முறிவோ இரண்டாம் முறை போகிறவனுக்குத்தான் தெரியும். காசுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட். அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு நிபுணரிடம் போனால் முதல் முறைக்கு 5 ரிங்கிட், தனியார் கிளினிக் கடிதமென்றால் 30. நீல அடையாள அட்டை இல்லாத தம்பிகளுக்குக் கட்டணம் அதிகம் என்பதை மறைக்க மாட்டேன். இந்த மண்ணிலேயே பிறந்தும் அந்த அட்டைக்காக அலைகிறவர்கள் உங்களுக்குள் இருக்கிறார்கள், அது வேறொரு மடலாக எழுத வேண்டிய அநியாயம்.

எனக்கு விபத்துக்கான இழப்பீடு ஒரு காசும் வரவில்லை. என் முதலாளி எனக்கு சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டவில்லை. கட்டியிருந்தாலும் விழுந்த நாளுக்குச் சாட்சி இல்லை. போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கவில்லை, எம்.சி.யைக் கிழித்துப் போட்டுவிட்டேன். 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் இன்று உங்களைப்போல் பொருளும் சாப்பாடும் கொண்டுபோகிறவர்களும் வருகிறார்கள். வேலையில் விழுந்தால் மருத்துவச் செலவுக்கும், வேலை செய்ய முடியாத நாட்களுக்கும் வழி இருக்கிறது. உங்கள் பெயரில் கட்டப்படுகிறதா என்று இந்த வாரமே பாருங்கள். விழுந்தால், எவ்வளவு சின்ன விழுகையானாலும், அன்றே எழுத்தில் இருக்கட்டும். கிளினிக் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இப்போது என் கை எப்படி என்று கேட்பீர்கள். எலும்பு ஒட்டியது. ஒட்டியதென்று சி.டி.யில் பார்த்தபிறகு 2020 பிப்ரவரியில் மறுபடி மோட்டாரைத் தொட்டேன். மார்ச் 18இல் கோவிட் ஊரடங்கு வந்தது, ஏப்ரலில் பாசார் போரோங்கைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள், என் ஓட்டம் அதோடு நின்றது. இன்று ஒரு மினி மார்க்கெட்டில் ஸ்டோர் பார்க்கிறேன். மணிக்கட்டு பின்பக்கம் முக்கால்வாசிதான் மடங்கும். தரையில் கையூன்றி எழ முடியாது, முஷ்டியை ஊன்றித்தான் எழுவேன். மழைக்காலத்தில் உளைகிறது. உளைச்சல் என்றுதான் சொல்கிறேன், வலி என்று சொல்லவில்லை. அம்மா இருந்தால் சரியான சொல் என்று சொல்லியிருப்பார்.

ஆகவே தம்பிகளே, கட்டைவிரலைத் தூக்கி அந்தக் குழியை இரண்டு கையிலும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். ஒரு கையில் மட்டும் வலித்தால், அந்தக் கை எப்போதாவது தரையில் ஊன்றியிருக்கிறதா என்று யோசியுங்கள், ஆறு மாதம் ஆகியிருந்தாலும், இரண்டு வருடம் ஆகியிருந்தாலும். வலித்தாலே முறிவு என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம், வேறு காரணங்களும் உண்டு. ஆனால் மருத்துவரிடம் உட்கார்ந்ததும் வலியைச் சொல்வதற்கு முன்னால் விழுந்ததைச் சொல்லுங்கள். மலாயில் சொல்ல வேண்டுமா? 'சாயா ஜாத்து மோட்டோர், தாஹான் டெங்கான் தாங்கான்.' மோட்டாரில் விழுந்தேன், கையை ஊன்றினேன். வாய்க்கு வராவிட்டால் எழுந்து நின்று எப்படி ஊன்றினீர்கள் என்று நடித்தே காட்டுங்கள். ஒற்றை விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். கையைப் பொத்தாம்பொதுவாகத் தடவிக் காட்டாதீர்கள். முதல் படத்தில் ஒன்றுமில்லை என்றால், 'இரண்டு வாரத்தில் திரும்ப எடுக்க வேண்டுமா டாக்டர்?' என்று கேளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் அதன்பிறகு நான்கு பேரை அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன், நான்கு முறையும் கேட்டிருக்கிறேன். மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. ஒருவருக்கு இருந்தது, பதினோராவது நாளில் தெரிந்தது. மாவுக்கட்டோடு போயிற்று, இன்று பூப்பந்து ஆடுகிறார்.

அந்த ஒட்டுக்கடைத் தம்பியின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. கறுப்பு ஹெல்மெட், பின்னால் வேல் படம் ஒட்டியிருக்கும், மோட்டார் ஒரு பழைய நீல ஈ.எக்ஸ்.5. உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் சொல்லுங்கள். செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்து ஆறரை மணிக்கு அதே கடையில்தான் தே குடிப்பேன். துணியை அவிழ்க்காமல் அப்படியே வரட்டும். மறுநாள் காலையில் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
செலாயாங் பாருவிலிருந்து உங்கள் அண்ணன்